ஜெனிட்டா வாசிச்ச ஞாயித்துக்கிழமை

டோக்கன் எத்தனை உங்களுக்கு? இருபத்திரெண்டா? அப்ப நேரமிருக்குங்க, உட்காருங்க. இப்பத்தான் பன்னெண்டு ஓடுது. பன்னெண்டு எம்மகதான். உள்ள போயி அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அம்மா வெளிய இருங்கன்னுட்டாங்க டாக்டரம்மா. முதல் தடவை அப்பிடிச் சொன்னப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பெத்தவளை வெளிய நிறுத்திட்டுப் பிள்ளைகிட்ட என்ன ரகசியம்? இப்பப் பழகிருச்சு.

உங்க பிள்ளைக்கு என்னங்க? சரி, சொல்ல வேணாம், பரவாயில்ல. இங்க வர்ற யாரும் எடுத்த எடுப்புல சொல்ல மாட்டோம். காய்ச்சலுக்கு வந்தவங்க மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம். நானே எங்க தெருவுல கேட்டவங்ககிட்ட கண்ணு டாக்டரப் பாக்கப் போறோம்னுதான் சொல்லியிருக்கேன். நீங்க எந்த ஊரு? அந்தப் பக்கமா? நல்லதாப் போச்சு. எங்க ஊரு ஆளா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

எம்மக பேரு ஜெனிட்டா. அஞ்சாவது படிக்கிறா. ஒரே பிள்ளை. நல்லாப் பேசுவா, நல்லாப் பாடுவா, ஒரு தடவை காதுல விழுந்தாப் போதும், அப்பிடியே திருப்பிச் சொல்லுவா. என்ன, வாசிக்க மட்டும் வராது. அதை நான் 'வராது'ன்னு சொல்றதுக்கே ஒரு வருஷம் ஆச்சுங்க. அதுவரைக்கும் 'மாட்டேங்குறா'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். கொழுப்பு, சோம்பேறித்தனம், அப்பன் குடுக்குற செல்லம், இப்பிடி ஒவ்வொரு மாசம் ஒவ்வொண்ணு சொன்னேன். ஸ்கேலால அடிச்சிருக்கேன். ஒரே பாடத்தை இருபது தடவை எழுத வச்சிருக்கேன். இருபதுலயும் அதே எழுத்தை அதே மாதிரி தப்பா எழுதி வச்சிருப்பா. வேணும்னே பண்றான்னு நெனச்சேன்.

என் வீட்டுக்காரர் அப்பவே சொன்னாரு, விடு செலின், பாவம் அதுன்னு. அவரு மில்லு வேன் ஓட்டுறாரு, பேரு சகாயராஜ். வாயில்லாத மனுஷன். காலையில பேப்பர் வந்தா படத்தை மட்டும் பார்த்துட்டு மடிச்சு வச்சிருவாரு, ஏதாவது ஃபாரம் வந்தா 'நீயே படிச்சு நிரப்பு, எனக்குக் கண்ணாடி இல்ல'ம்பாரு. கண்ணாடி சட்டைப் பையிலதான் இருக்கும். அவ்வளவு சோம்பேறி. டாக்டரம்மா என்கிட்ட கேட்டாங்க, வீட்டுல வேற யாருக்கும் வாசிக்கிறதுல கஷ்டம் இருக்கான்னு. இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்.

எங்க வீட்டுலயா? நான் யாருன்னு நெனச்சீங்க? நீங்க வேதக்காரவங்களா, கிறிஸ்தவங்களா? இல்லையா? அப்ப உங்களுக்கு விளக்கிச் சொல்லணும். எங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் பிரசங்கம் வைக்கிறதுக்கு முன்னால, எங்கள்ல ஒருத்தர் மேடையேறி வேதத்துலருந்து ஒரு பகுதி வாசிக்கணும். நம்ம இஷ்டத்துக்கு வாசிக்க முடியாது. இந்த வாரத்துக்கு இதுன்னு வரிசை உண்டு. மூணு வருஷத்துக்கு மூணு வரிசை, மூணுக்கும் தனித்தனி புஸ்தகம். வாசிக்கிறதுக்கு முன்னால இன்னொருத்தர் மைக்குல முன்னுரை சொல்லுவாங்க. இன்னைக்கு வாசகத்துல இன்னது வருதுன்னு ரெண்டு மூணு வரி.

அந்த வாசகர் குழுவுக்குப் பதினாலு வருஷமா நான்தாங்க தலைவி. யாரு எந்த வாரம் வாசிக்கணும்னு பட்டியல் போடுறது நான். நிறுத்தி நிதானமா வாசிக்கச் சொல்லிக்குடுக்குறது நான். பெரிய திருநாள்னா வாசகம் எனக்குத்தான். எங்க கோயிலுக்கு வர்ற கிழவிக எல்லாம், செலின் வாசிச்சா கண்ணுல தண்ணி வருதும்பாங்க. மேயறதுக்குப் போன ஆடுகூட நின்னு கேக்கும்னு முந்தியிருந்த சாமியார் ஒருத்தரு கேலி பண்ணுவாரு. பெருமைக்குச் சொல்லலைங்க. பெருமைக்குத்தான் சொல்றேன், அதுதான் இம்புட்டுக்கும் காரணம்.

ஆரம்பிச்சது லில்லி டீச்சர். எங்க தெருவுல எட்டுப் பத்து கிறிஸ்தவக் குடும்பம் சேர்ந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுல ஜெபம் பண்ணுவோம். வேதப் புஸ்தகத்தைச் சுத்தி விட்டு ஆளுக்கு ரெண்டு வரி வாசிப்போம். எப்பவும் ஜெனிட்டாவை நான் சமையக்கட்டுக்கு அனுப்பிருவேன், டீ போடுன்னு. அன்னைக்கு லில்லி டீச்சர் வீட்டுல ஜெபம், டீ அவங்களே போட்டு வச்சுட்டாங்க. புஸ்தகம் எம்மக மடிக்கு வந்துருச்சு. அவ அதைப் பார்த்தா. எல்லாரும் அவளைப் பார்த்தோம். சட்டுன்னு 'தலை வலிக்குது'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு ஓடிட்டா. லில்லி டீச்சர் நல்ல மாதிரி மெதுவாத்தான் கேட்டாங்க, "செலின், பிள்ளைக்கு வாசிக்க வராதா? யாருகிட்டயாவது காட்டுனா என்ன?"

ரிட்டையர் ஆன டீச்சர். அக்கறையாத்தான் கேட்டிருப்பாங்க. இப்பச் சொல்றேன் அக்கறைன்னு. அன்னைக்கு எனக்கு உடம்பெல்லாம் தீயா எரிஞ்சுச்சு. பத்துப் பேரு முன்னால எம்மகளுக்கு வாசிக்க வராதான்னு கேட்டா? வாசகர் குழுத் தலைவி மகளுக்கா? நான் உடனே சொன்னேன், "வாசிக்க வராதா? வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வாசகமே அவதான். நீங்கதான் முன்னுரை, பட்டியல் போட்டாச்சு." பட்டியல் எங்க போட்டேன்? வீட்டுக்கு வந்து போட்டேன்.

எப்பிடிச் சமாளிப்பேன்னு கேளுங்க. அவளுக்குத்தான் காதுல கேட்டாப் போதுமே. ஸ்கூல்லயும் அப்பிடித்தான் நாலு வருஷம் ஓட்டியிருக்கா. பக்கத்துல இருக்குற பிள்ளையை வாசிக்க வச்சு, கேட்டுக்கிட்டு, டீச்சர் கேக்கும்போது புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்ற மாதிரி மனப்பாடமாச் சொல்லிருவாளாம். வாயால கேட்டா நூத்துக்கு நூறு, பேப்பர்ல எழுதுனா ஒற்றை இலக்கம். அதனால நான் உட்கார்ந்து மூணு வாரம் சொல்லிக்குடுத்தேன். நான் வாசிப்பேன், அவ திருப்பிச் சொல்லுவா. எந்த இடத்துல மூச்சு விடணும், எந்த இடத்துல நிமிர்ந்து ஜனங்களைப் பாக்கணும், விரலை எப்பிடி வரியில ஓட்டணும், எந்த வார்த்தை வரும்போது பக்கத்தைத் திருப்பணும், எல்லாம். அவ ஒரு தடவை கேட்டா, "அம்மா, இது ஏமாத்துறது இல்லையா?" நான் சொன்னேன், ஆண்டவருடைய வார்த்தையைத்தானே சொல்ற, அதுல என்ன ஏமாத்துன்னு.

அந்த ஞாயித்துக்கிழமை எதுன்னு உங்களுக்குச் சொல்லணும். எங்க கோயில் வருஷம் ஜனவரியில பிறக்காதுங்க. கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்னாலயே பிறந்துரும். அந்த முதல் ஞாயித்துக்கிழமைதான் வரிசை மாறும், புஸ்தகம் மாறும். வருஷா வருஷம் அந்த வாரம் குழுவுல எல்லாருக்கும் போன் போட்டு, புஸ்தகம் மாறுது, பழசைப் பார்த்துத் தயார் பண்ணிறாதீங்கன்னு சொல்றவ நான். அந்த வருஷமும் எல்லாருக்கும் போன் போட்டேன். போட்டுட்டு, என் வீட்டு அலமாரியில இருந்த பழைய புஸ்தகத்தை எடுத்து மகளுக்குச் சொல்லிக்குடுத்தேன்.

எப்பிடித் தோணாமப் போச்சுன்னு கேக்காதீங்க. பதினாலு வருஷத்துல ஒரு தடவை இப்பிடி நடந்ததில்ல. எனக்கு அப்ப வாசகமா முக்கியம்? லில்லி டீச்சர் மூஞ்சியைப் பாக்கணும்கறதுதான் முக்கியம்.

அன்னைக்கு வெள்ளை கவுன் போட்டு, ரெட்டை ஜடை பின்னி, மைக்கு எட்டாதுன்னு ஒரு முக்காலி போட்டு ஏத்தி நிறுத்தினோம். நான் முதல் பெஞ்சு. கோயில் நெறஞ்ச கூட்டம். லில்லி டீச்சர் முன்னுரை சொல்ல ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது வரியிலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்க சொல்றது வேற இறைவாக்கினரு. வேற விஷயம். நான் மூணு வாரமாச் சொல்லிக்குடுத்தது எதுவுமே அதுல இல்ல.

ஜெனிட்டா என்னைப் பார்த்தா. நேரா என்னையப் பார்த்தா.

எந்திரிச்சுப் போயிருக்கலாங்க. பத்து அடிதான். போயி அவ கையப் பிடிச்சு இறக்கிட்டு நானே வாசிச்சிருக்கலாம். பிள்ளைக்கு மயக்கம் வருதுன்னு சொல்லியிருக்கலாம். ஒண்ணும் செய்யலை. தலையை ஆட்டினேன். சொல்லு, சொல்லுன்னு கையக் காமிச்சேன். யாரு கவனிக்கப் போறான்னு ஒரு குருட்டு நம்பிக்கை.

சொன்னா. ஆத்தாடி, எப்பிடிச் சொன்னா தெரியுமா! ஒரு இடத்துல தட்டலை, தடுமாறலை. நான் சொல்லிக்குடுத்த இடத்துல நிமிர்ந்தா, நான் சொல்லிக்குடுத்த இடத்துல பக்கத்தைத் திருப்பினா. என் குரலேதான். ஆனா அன்னைக்கு வாசகம் அச்சடிச்ச காகிதத்தைக் கையில வச்சுப் பார்த்துக்கிட்டு வந்த ஜனங்களெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. கோயில்ல வேதபாடம் படிக்கிற பிள்ளைக சிரிச்சதுக. உதவிச் சாமியார், புதுசா வந்தவரு, சின்ன வயசு, பக்கம் மாறிருச்சுன்னு நெனச்சு எந்திரிச்சு வந்தாரு. விரலை வச்சுக் காட்டி, "பாப்பா, இங்கருந்து வாசிம்மா"ன்னாரு.

அவ அந்த இடத்தைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் என்ன செஞ்சா தெரியுமா? நிமிர்ந்து நின்னு, நான் சொல்லிக்குடுத்ததை முதல்லருந்து மறுபடி ஆரம்பிச்சா.

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

அப்புறம் லில்லி டீச்சர்தான் போயி அவ தோள்ல கையப் போட்டு இறக்கிவிட்டுட்டு, அவங்களே வாசிச்சாங்க. சரி, இதோட முடிஞ்சிருந்தாக்கூட ஒரு மாதிரி. பூசை முடிஞ்சு வெளிய வந்தோம். எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டாங்க. என்ன செலின், பிள்ளைக்கு என்ன ஆச்சு, எப்பிடி மாறிச்சுன்னு. அப்ப நான் சொன்னேங்க, அவளையும் பக்கத்துல நிறுத்திக்கிட்டு. "நான் சரியாத்தான் சொல்லிக்குடுத்தேன். போன வருஷம் நான் வீட்டுல வாசிச்சதை எங்கயோ கேட்டு வச்சிருக்கா, அதைப் போயி உளறிட்டா. எப்பவும் இப்பிடித்தான், புத்தி ஒரு இடத்துல நிக்காது."

என் வாயாலதான் சொன்னேன். நல்லாக் கேக்குற மாதிரி. எனக்குத்தான் குரல் நல்ல குரலாச்சே.

அவ செருப்பை மாட்டிக்கிட்டு நின்னா. நானும் அப்பாடான்னு இருந்தேன். பிள்ளைக்கு ஒண்ணும் புரியலை, தான்தான் மாத்திச் சொல்லிட்டோம்னு நெனச்சுக்கிட்டா, நல்லதுன்னு. இப்பிடி நெனச்ச ஒரு அம்மாவைப் பார்த்திருக்கீங்களா நீங்க?

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில வயித்துவலி. அப்புறம் திங்கக்கிழமையும். ஸ்கூல் வேனைக் கண்டா வாந்தி. பாடுறது நின்னுபோச்சு. ஒருநாள் என் வீட்டுக்காரர் அவ தலகாணி உறையை உதறினாரு. கொத்துக் கொத்தா முடி. தானா உதிரலைங்க, அவளே ஒவ்வொண்ணாப் பிடுங்கியிருக்கா. உச்சந்தலையில ரூபாக்காசு அகலத்துக்கு வழுக்கை. அதை மறைக்கிற மாதிரி நான்தான் தினமும் ஜடை போட்டு அனுப்பினேன். கண்ணுல பட்டுச்சு, சத்துக் குறைச்சல்னு முருங்கைக்கீரை குடுத்தேன். எண்ணெய் மாத்தினேன். ஜெப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி தலையில கை வைக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர்தான் அந்தச் சின்னச் சாமியார்கிட்டப் போயி அழுதிருக்காரு. அவருதான் இந்த ஆஸ்பத்திரியைச் சொன்னது.

டாக்டரம்மா ரெண்டு மூணு நாள் வச்சுச் சோதிச்சுட்டுச் சொன்னாங்க. இது சோம்பேறித்தனம் இல்லம்மா, புத்தியும் குறைச்சல் இல்ல. எழுத்தைப் பார்த்துச் சத்தமா மாத்துற வேலை மட்டும் இவளுக்கு மத்தவங்க மாதிரி நடக்கலை, அதுக்குத் தனியாப் பழக்கலாம்னு. டிஸ்லெக்சியான்னு எழுதிக் குடுத்தாங்க. இங்கயே ஒரு டீச்சர் மணல்ல விரலால எழுத வச்சுச் சொல்லிக்குடுக்குறாங்க. இப்ப கடைப் பலகையில நாலஞ்சு வார்த்தை படிக்கிறா. பரீட்சைக்கு அதிக நேரம் வாங்க சர்ட்டிபிகேட் தர்றேன்னாங்க. நான்தான் வாங்கலை. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது யாராவது அதை எடுத்து நீட்டினா? என்னங்க அப்பிடிப் பாக்குறீங்க? வாங்கணும்ங்கறீங்களா? சரி, யோசிக்கிறேன்.

வாசிக்கிறது பழகிரும், ஆனா பிள்ளை வேற எதையோ மனசுல வச்சுக்கிட்டு இருக்கு, அதுதான் முடியைப் பிடுங்க வைக்குதுன்னாங்க டாக்டரம்மா. எனக்குத் தெரியாதா அது என்னன்னு? ஆனா வாயைத் திறக்கலை. பதிலுக்கு ரெண்டு பஸ் மாறி, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு ஊருக்குப் போயி அங்க பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். சாமியார்கிட்ட செஞ்ச பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குறது. எங்க கோயில்ல மறைப்புக்குப் பின்னால சொன்னாக்கூட என் குரல் தெரிஞ்சுருமே. அந்தச் சாமியார் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "இதை மககிட்டச் சொல்லிட்டியா?" சொல்லிர்றேன் சாமின்னு வந்துட்டேன். அவர் பரிகாரமாக் குடுத்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடிச்சேன், ஒண்ணு கூடுதலாவே சொன்னேன்.

நாலு வாரத்துக்கு முன்னால டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு பிள்ளை என்கிட்டக் கேட்டுக்கிச்சு. இருந்தாலும் சொல்றேன், ஏன்னா இதைத் தனியாச் சுமக்குற வயசு இல்ல அதுக்கு"ன்னாங்க. ஜெனிட்டா அவங்ககிட்டச் சொல்லியிருக்கா, "முன்னுரை கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, அம்மா புஸ்தகத்தை மாத்தி எடுத்துட்டாங்கன்னு. ஆனா எனக்கு அது ஒண்ணுதானே தெரியும், அதனால அதையே சொன்னேன். அம்மாவுக்குத் தெரிய வேணாம், அவங்களுக்கு வெக்கமாப் போயிரும்."

பத்து வயசுங்க அவளுக்கு. முக்காலி மேல நிக்கும்போதே தெரிஞ்சிருக்கு. வெளிய நான் அத்தனை பேரு முன்னால அவ தலையில போட்டப்பவும் தெரிஞ்சிருக்கு. எனக்கு வெக்கமாயிரக் கூடாதுன்னு செருப்பை மாட்டிக்கிட்டு நின்னிருக்கா. அதைக் கேட்டதுலருந்து எனக்குச் சோறு இறங்கலை. கண்ணாடியில என் மூஞ்சியப் பார்த்துப் பொட்டு வைக்க முடியலை. அவ்வளவு கேவலமா இருக்கு.

டாக்டரம்மா ஒரே ஒரு வேலைதான் குடுத்தாங்க எனக்கு. தப்பு என்னுதுதான்னு அவகிட்ட வாயைத் திறந்து சொல்லணும். மருந்து மாத்திரை எதையும்விட அதுதான் முதல்லன்னாங்க. நாலு வாரமாச்சு. தலை வாரும்போது சொல்லிரலாம்னு நெனப்பேன். அந்த வழுக்கை கண்ணுல படும், வாய் வரைக்கும் வரும், வந்து "பேனு இருக்குடி"ன்னு சொல்லிருவேன். சாப்பாடு போடும்போது சொல்லலாம்னு நெனச்சு, இன்னொரு தோசை வச்சுருவேன். வாராவாரம் டாக்டரம்மா கேக்குறாங்க, சொல்லிட்டீங்களா? இந்த வாரம் சொல்லிர்றேன் டாக்டர். இன்னைக்கும் கேப்பாங்க. பதினாலு வருஷமா மைக்குல வாசிச்ச வாயிங்க இது. உங்ககிட்டச் சொல்ல முடியுது. போன வாரம் பஸ்ல ஒரு அம்மாகிட்ட முழுசும் சொன்னேன். அவகிட்ட மட்டும் வர மாட்டேங்குது.

கதவு திறக்குது. அவதான். பேச்சை மாத்திருங்க. உங்க ஊர்ல மழை பெய்ஞ்சுச்சா?

வாடா. முடிஞ்சுச்சா? இவங்க சும்மா பக்கத்து ஊரு, பேசிக்கிட்டிருந்தோம். டாக்டரம்மா என்னைக் கூப்பிடலையா? வேணாம்னாங்களா? ஏன்?

என்ன கேட்டாங்க? சரியாச் சொல்லு.

அம்மா உன்கிட்டச் சொல்லிட்டாங்களான்னு கேட்டாங்களா? அதுக்கு நீ என்ன சொன்ன?

சொல்லிட்டாங்கன்னு சொன்னியா.

இல்லைங்க, நீங்க எந்திரிக்காதீங்க. இருங்க. இதையும் கேட்டுட்டுப் போங்க.

ஜெனிட்டா, இங்க வா. கீழ பாக்காத, என் மூஞ்சியப் பாரு. அன்னைக்கு வருஷம் மாறுனதைப் பாக்காம பழைய புஸ்தகத்தை எடுத்தது நான்தான். தெரிஞ்சப்புறமும் உன்னை இறக்காம சொல்லு சொல்லுன்னு கையக் காமிச்சது நான்தான். வெளிய வந்து அத்தனை பேரு முன்னால உன் மேல பழியைப் போட்டதும் நான்தான். நீ சொன்னதுல ஒரு எழுத்துத் தப்பில்லடி.

தெரியும்ங்கிறியா? உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் சொல்லணும்ல.

என்ன, மெதுவாப் பேசணுமா? எல்லாரும் பாக்குறாங்களா?

பாக்கட்டும்டி. நல்லாக் கேக்கட்டும்.